அந்தச் சொட்டை அடைக்காதீர்கள்

"சேஃப்டி வால்வு லீக் ஆகுதுங்க. ஒரு டம்மி போட்டு அடைச்சிட்டா தொல்லை விட்டுச்சு." கீசர் உள்ள வீட்டில் இந்த யோசனை என்றைக்காவது ஒருநாள் வந்துவிடும். பிளம்பர் சொல்வார், எலெக்ட்ரீஷியன் சொல்வார், அவர்கள் சொல்லாவிட்டால் மாடிவீட்டுக்காரர் சொல்வார். வீட்டுக்காரரும் உடனே சம்மதிப்பார். குழாய்க்குள் இருக்க வேண்டிய தண்ணீர் தரையில் விழுந்தால் அது பழுது, பழுதென்றால் அடைக்க வேண்டும் என்பதில் நம் ஊரில் இரண்டாவது கருத்தே கிடையாது.

இந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். கீசர் சூடேறும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டும் தண்ணீர் பழுதின் அடையாளம் ஆகாது. அந்த வால்வு எதற்காகப் பொருத்தப்பட்டதோ அந்த வேலையைத்தான் அது செய்துகொண்டிருக்கிறது. அதை அடைப்பவர்கள் ஒரு கசிவை நிறுத்துவதாக நினைத்து, சுவருக்குள் குழாய் வெடிப்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் கன அளவு ஏறத்தாழ 1.4 சதவீதம் கூடுகிறது. 15 லிட்டர் கீசரில் இது 200 மில்லிக்குச் சற்று மேல். 25 லிட்டர் கீசரில் 350 மில்லி. தெர்மோஸ்டாட்டை 75 வரை திருப்பி வைக்கும் வீடுகளில், அதே 25 லிட்டரில் அரை லிட்டரைத் தாண்டிவிடும். பார்வைக்கு இது ஒரு சொம்புத் தண்ணீர். ஆனால் தண்ணீருக்குக் காற்றைப் போல அமுங்கிக்கொடுக்கும் குணம் இல்லை. சிறிதும் நெகிழாத ஒரு கலத்தில், காற்றே இல்லாமல் தண்ணீரை நிரப்பி நாலாபுறமும் மூடிவிட்டுச் சூடாக்கினால், 40 டிகிரியை ஒட்டி ஒரே ஒரு டிகிரி ஏறுவதற்கு அழுத்தம் 8 பார் அளவுக்கு உயரும். வீட்டுக் கீசரின் தகடு கொஞ்சம் நெகிழும், குழாயும் நெகிழும், எங்காவது ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருக்கும். அதனால் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் ஏற வேண்டியது ஒரு டிகிரி இல்லையே, 35 டிகிரி. நம் கடைகளில் விற்கும் பல கீசர்களின் மேல் 8 பார் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அந்தத் தொட்டி தாங்குவதாக உறுதிகூறப்பட்ட அழுத்தமே அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: விரியும் அந்தச் சொம்புத் தண்ணீர் எங்கே போகும்?

"எங்க வீட்டுல இருபது வருஷமா கீசர் இருக்கு, வால்வே கிடையாது, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் தண்ணீருக்குப் போக இடம் இருந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் இறங்கி, நடுவில் எந்தத் தடையும் இல்லாமல் கீசருக்குள் போனால், விரிந்த தண்ணீர் வந்த வழியே மேலே திரும்பிப் போய்விடும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. இரண்டு மாடி வீட்டில் தொட்டியின் அழுத்தம் ஒரு பாரைத் தொடுவதே அரிது. இதற்கு மேல், பழைய பிளம்பர்கள் வெந்நீர்க் குழாயிலிருந்து ஒரு கிளையைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே ஏற்றி, வாயைத் திறந்துவிட்டுக் கீழ்நோக்கி வளைத்து விடுவார்கள். ஏர் வென்ட், ஏர் பைப் என்று அதற்குப் பெயர். மொட்டைமாடியில் கைத்தடியின் பிடிபோல வளைந்து நிற்கும் அந்தக் குழாய்தான் அந்த வீட்டின் காவல். அது நின்றவரை வால்வு இல்லாமலும் காலம் ஓடியது.

இப்போது அந்த வீட்டுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வருகிறது என்று ஒரு புகார். கீசரின் உள்வழியில் ஒரு என்.ஆர்.வி. போடுகிறார்கள், அதாவது தண்ணீர் ஒரு பக்கம் மட்டுமே போகும், திரும்பாது. புகார் தீர்ந்தது, தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் வழியும் தீர்ந்தது. புதிய கீசர் வாங்கினால் அதனுடன் வரும் பல்பணி வால்வுக்குள்ளேயே ஒரு என்.ஆர்.வி. இருக்கிறது. அடுத்து, மேல்மாடி ஷவரில் தண்ணீர் நூல்போல வருகிறது என்று பிரஷர் பம்ப் வருகிறது. பம்ப் ஓடியதும் மொட்டைமாடியில் அந்த வளைந்த குழாயின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கொட்டுகிறது. கொட்டத்தான் செய்யும்: தொட்டியின் உயரத்துக்குக் கணக்குப் பார்த்து வைத்த குழாய் அது, பம்ப்பின் இரண்டு மூன்று பார் அழுத்தத்துக்கு முன் நிற்காது. உடனே அதன் வாயில் ஒரு எண்ட் கேப்பை ஒட்டிவிடுகிறார்கள்.

இரண்டு வழியும் அடைந்தாயிற்று. மிச்சம் இருப்பது சேஃப்டி வால்வு ஒன்றுதான். காலையில் கீசர் போட்டால் அது சொட்டாமல் என்ன செய்யும்? அதையும் டம்மி போட்டு அடைத்தால், வீட்டுக்காரர் அறியாமலேயே அவருடைய குளியலறையில் நாலாபுறமும் மூடிய ஒரு அழுத்தக் கலம் உருவாகிவிடுகிறது. இந்த மூன்று வேலைகளையும் மூன்று வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வருடங்களில், ஒவ்வொன்றும் ஒரு நியாயமான புகாருக்காகச் செய்திருப்பார்கள். அதனால்தான் யாரும் தன்னைக் காரணம் என்று நினைப்பதில்லை.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு விதமாக இதே நிலை வருகிறது. பதினைந்து மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்கு உயரத்தால் மட்டுமே நாலரை பார் அழுத்தம் இருக்கும். அதைக் குறைக்க பி.ஆர்.வி. எனும் அழுத்தக் குறைப்பு வால்வு வைப்பார்கள். வைக்கத்தான் வேண்டும். ஆனால் பல பி.ஆர்.வி.க்கள் திரும்பி வரும் தண்ணீருக்கு வழிவிடுவதில்லை. அங்கேயும் கீசருக்கு உள்ள ஒரே போக்கிடம் சேஃப்டி வால்வுதான்.

வெடிப்பு பெரும்பாலும் கீசர் தொட்டியில் தொடங்காது. கீசரையும் சுவரையும் இணைக்கும் கனெக்‌ஷன் பைப், பித்தளை மரையுள்ள எல்போ, டெஃப்லான் டேப்பை அதிகமாகச் சுற்றி ஸ்பானரால் முறுக்கியதில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் கண்ட இணைப்பு, இப்படி எது பலவீனமோ அது முதலில் போகும். பல நாள் ஏறி இறங்கிய அழுத்தத்தில் களைத்துப்போன இணைப்பு ஒரு விடியற்காலையில் விட்டுக்கொடுக்கும். டைல்ஸுக்குப் பின்னால் என்றால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்த பிறகுதான் தெரியும். அப்போது வரும் தீர்ப்பு என்ன? "பைப் சரியில்லைங்க. மட்டமான சரக்கு. கனமான பைப்பா மாத்திடலாம்."

இந்த இரண்டாவது நம்பிக்கையையும் விட்டுவைக்கக் கூடாது. கனமான குழாய் அழுத்தத்தைக் குறைக்காது. அது வெடிப்பை அடுத்த பலவீனமான இடத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான். எல்போவை மாற்றினால் கனெக்‌ஷன் பைப் போகும், அதை மாற்றினால் கலவைக் குழாயின் உட்பாகம் போகும். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பலப்படுத்தி முடித்தால், கடைசியில் பலவீனமான உறுப்பாக மிஞ்சுவது கீசர் தொட்டியே. ஒரு எல்போ உடைந்தால் சுவர் நனையும். தொட்டி உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

குழாயின் தரத்தைப் பற்றிப் பேசுவதானால் சூட்டைச் சேர்த்துப் பேச வேண்டும். பிளாஸ்டிக் குழாயின் பலம் சூட்டோடு சரிந்துகொண்டே போகும். வெந்நீருக்கென்றே செய்த சி.பி.வி.சி. குழாயில், எஸ்.டி.ஆர். 11 வகை, 23 டிகிரியில் 27 பாருக்கு மேல் தாங்கும். 82 டிகிரியில் அது 7 பாருக்கும் கீழ், நாலில் ஒரு பங்கு. வெள்ளை யு.பி.வி.சி. குழாய் 60 டிகிரியில் தன் பலத்தில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிடும். காசு மிச்சம் என்று வெந்நீர் வழியிலும் அதையே போட்ட வீடுகள் உண்டு. குழாய் வேலை முடிந்ததும் பச்சைத்தண்ணீரை ஏற்றி, "டெஸ்ட் பண்ணிட்டோம், சொட்டு லீக் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சூட்டில் அந்தக் குழாய் எப்படி நிற்கும் என்பதை அந்தச் சோதனை காட்டவே இல்லை.

தண்ணீர் வீணாகிறதே என்று கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர்களில் ஒரு சொட்டும் கணக்குதான். ஆனால் கணக்கென்றால் சரியாகப் போடுவோம். 15 லிட்டர் கீசர் ஒருமுறை முழுதாகச் சூடாகையில் வெளியே வருவது 200 மில்லி சொச்சம். நாளைக்கு இரண்டு முறை போட்டாலும் அரை லிட்டர் ஆகாது. அதை ஒரு சிறு குழாய் வழியே வாளியில் பிடித்துத் தரை கழுவலாம். சுவருக்குள் ஒரு வெந்நீர் வழி விட்டுக்கொடுத்தால் மேல்நிலைத் தொட்டி முழுவதும் காலியாகும் வரை அது நிற்காது. பிரஷர் பம்ப் இருந்தால் பம்ப்பே அதை இறைத்துக் கொட்டும்.

"தெர்மோஸ்டாட் இருக்கே, கட்-அவுட் இருக்கே, அப்புறம் எதுக்கு வால்வு?" இது படித்தவர்கள் கேட்கும் கேள்வி. தெர்மோஸ்டாட் சூட்டைப் பார்க்கும். கன அளவைப் பார்க்காது. 60 டிகிரியில் ஒழுங்காக நிறுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள கீசரிலும் 1.4 சதவீதம் விரியத்தான் செய்யும். தினமும் குழாயைக் களைக்க வைப்பது இந்த ஒழுங்கான சூடுதான். அதோடு, தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் மின்சாரக் கருவிகள், கருகிப்போகக் கூடியவை. இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் சூடு 60-இல் நிற்காது, 100-லும் நிற்காது. அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 5 பார் அழுத்தத்தில் 150 டிகிரியையும் தாண்டித் தண்ணீராகவே இருக்கும். அப்போது தொட்டி கிழிந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அதே நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஒரு குளியலறையில் அதற்கு இடமில்லை.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்பென்சர் என்ற ஊரில், ஸ்டார் தொடக்கப் பள்ளியில், 1982 ஜனவரி 19 அன்று மதிய உணவு நேரத்தில் வெடித்தது ஒரு வாட்டர் ஹீட்டர். ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு செயலிழந்திருந்தது. அழுத்தத்தை வெளியேற்ற வேண்டிய வால்வும் தன் வேலையைச் செய்யும் நிலையில் இல்லை. அது நம் வீட்டுக் கீசரைவிடப் பெரியது, 300 லிட்டர் அளவு, எரிவாயுவில் ஓடியது. ஆனால் அதற்குள் நடந்த இயற்பியல் நம் 15 லிட்டர் தொட்டிக்கும் பொதுவானதுதான்.

வால்வும் பழையது, அதை அடைக்கும் பழக்கமும் பழையது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679-இல் தன் நீராவிக் கலத்தைச் செய்தபோதே அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வையும் சேர்த்துச் செய்தார். அது இல்லாமல் மூடிய கலத்தைச் சூடாக்க முடியாது என்பது அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. 1831-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன் என்ற ரயில் இன்ஜினில், நீராவி வெளியேறும் இரைச்சல் பொறுக்காமல் கரி தள்ளும் தொழிலாளி வால்வை அழுத்தி மூடினார். கொதிகலன் வெடித்து அவரே உயிரிழந்தார். அன்றைக்கு இரைச்சல், இன்றைக்குச் சொட்டு. தொல்லை கொடுப்பது எதுவோ அதை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற மனநிலை மாறவில்லை. குக்கரின் வெயிட் சீறுகிறது என்று அதைக் கம்பியால் கட்டிவைக்க நம் வீட்டில் எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டார். கண்ணுக்கு முன்னால் அடுப்பில் இருப்பதால் குக்கரைப் புரிந்துகொண்டோம். கீசர் பொய்க்கூரைக்கு மேலே, கதவுக்குப் பின்னால் இருப்பதால் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு 1923 முதல் சட்டம் உண்டு, ஆய்வாளர் உண்டு, சான்றிதழ் உண்டு. 100 டிகிரிக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்கும் கலங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே. கீசர் கடைக்கு வரும் வரை ஐ.எஸ். 2082 என்ற தர விதி அதைக் கண்காணிக்கும். உங்கள் சுவரில் அதை மாட்டியவர் வால்வைப் பொருத்தினாரா, அட்டைப்பெட்டியோடு தூக்கிப் போட்டாரா என்று பார்க்க யாரும் வரமாட்டார்கள். அங்கே ஒரே ஆய்வாளர் அந்தச் சிறிய வால்வுதான். சில மாடல்களில் அளவுக்கு மீறிய சூட்டில் உருகி வழிவிடும் பிளக் ஒன்றும் இருக்கும். அது உருகி ஒழுகினால், அதன் இடத்தில் சாதாரண இரும்பு டம்மியைத் திருகுவது மிகப் பெரிய தவறு. அது உருகியதே கீசருக்குள் வேறு ஏதோ கெட்டுவிட்டது என்பதற்குச் சாட்சி.

சொட்டுவதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வேறுபாடு தெரிய வேண்டும். சூடேறும்போது சொட்டி, சூடானபின் நின்றால் அது இயல்பு. கீசரை அணைத்து ஆறிய பின்னும் இரவு பகலாகச் சொட்டினால் ஒன்று வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகம், அல்லது வால்வின் இருக்கையில் மணலோ உப்புப் படிவோ சிக்கியிருக்கிறது. குழாயில் ஒரு பிரஷர் கேஜைத் திருகி, யாரும் தண்ணீர் பிடிக்காத நடுஇரவில் பார்த்தால் முதல் காரணம் தெரிந்துவிடும். வால்விலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரோ ஆவியோ வந்தால் அது மூன்றாவது நிலை, தெர்மோஸ்டாட் போய்விட்டது. உடனே மெயினில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முழுதாக ஆறும் வரை யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. இந்த மூன்று நிலைகளில் எதற்குமே டம்மி மருந்தாகாது.

போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சொட்டவே சொட்டாத வால்வு. வென்ட் இல்லை, என்.ஆர்.வி. இருக்கிறது, ஆனாலும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் நிம்மதி கொள்ளாதீர்கள். உப்பு இறுகி வால்வு திறக்க முடியாமல் நிற்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கீசரை அணைத்துத் தண்ணீர் ஆறிய பிறகு, வால்வின் மேலுள்ள சிறு கைப்பிடியைத் தூக்குங்கள். தண்ணீர் பாய்ந்து வர வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். வரவில்லையா, வந்தது நிற்கவில்லையா, வால்வை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

சொட்டைக் குறைக்க நியாயமான வழிகள் இருக்கின்றன, கொஞ்சம் செலவாகும். பம்ப் இல்லாத வீட்டில் அந்தப் பழைய ஏர் வென்ட்டைத் திரும்பத் திறந்துவிடுங்கள். சோலார் ஹீட்டரின் வென்ட்டுக்கும் இது பொருந்தும்; அதை அடைத்தால் தொட்டி உப்பவும் செய்யும், தண்ணீர் இறங்கும்போது உள்வாங்கி நசுங்கவும் செய்யும். பம்ப் உள்ள வீட்டில் என்.ஆர்.வி.க்கும் கீசருக்கும் இடையில் ரப்பர்ச் சவ்வு உள்ள சிறிய விரிவுத் தொட்டி ஒன்றை வைத்தால் விரிந்த தண்ணீர் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். அழுத்தம் மிகுந்த அடுக்குமாடியில் பி.ஆர்.வி.யை 3 பார் அளவில் வைக்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டை 60-க்கு இறக்குங்கள். இவற்றில் எதைச் செய்தாலும் சேஃப்டி வால்வு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

வால்வின் வாயிலிருந்து ஒரு குழாயைத் தரைவரை இறக்கி, அதன் முனை கண்ணில் படும்படி விடுங்கள். வழியில் மேடு கூடாது, முனையில் திருகுக் குழாய் கூடாது. பிரிட்டனில் 1980-களின் நடுப்பகுதி வரை மூடிய வெந்நீர்த் தொட்டிகளையே வீடுகளில் பொதுவாக அனுமதிக்கவில்லை. அனுமதித்தபோது, வால்விலிருந்து வரும் தண்ணீர் ஒரு திறந்த புனல் வழியே கண்ணுக்குத் தெரிந்து விழ வேண்டும் என்று விதி செய்தார்கள். நாமோ அது கண்ணில் படுவதைத்தான் குறையாக நினைக்கிறோம். கீசருக்கும் வால்வுக்கும் நடுவில் கேட் வால்வோ பால் வால்வோ இருக்கவே கூடாது. யாராவது ஒருநாள் அதை மூடுவார்கள்.

பிளம்பர்மீது மட்டும் பழிபோட எனக்கு மனமில்லை. சொட்டை நிறுத்தினால்தான் கூலி என்று நிற்பவர்கள் நாம்தான். "அண்ணே, சொட்டட்டும். அது போக ஒரு டியூப் மட்டும் போட்டுக் கொடுங்க" என்று நாம் சொன்னால் அவருக்கும் வேலை சுலபம். அடுக்குமாடிச் சங்கங்கள் இதைத் தங்கள் கூட்டத்தில் எடுக்கட்டும்: எந்தெந்த வீட்டில் கீசர் வால்வு அடைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்த்தால் போதும். வாடகைக்குக் குடியேறுபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் குளியலறைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் டம்மி இருந்தால், சாவியை வாங்குவதற்கு முன்பே அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றும் வரை அந்தக் கீசரின் சுவிட்சைத் தொடாதீர்கள்.